புற்றுமண்ணும் அடகுச் சீட்டும்

சங்கரன்கோவில்காரர்களுக்குப் புற்று என்றதும் கோயில்தான் நினைவுக்கு வரும். சங்கரநாராயணர் கோயிலில் தருகிற புற்றுமண்ணை நெற்றியில் இடுவோம். தோலில் ஏதாவது வந்தால் தண்ணீரில் குழைத்துத் தடவுவோம். வீட்டுக்குள் பாம்பு தலைகாட்டினால், தேள் கொட்டினால், அதன் உருவைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வருவோம். விஷத்துக்கும் நோய்க்கும் இவ்வளவுதான் காணிக்கை என்று கணக்கு வைத்திருக்கிற ஊர் இது. பத்து ரூபாயில், இருபது ரூபாயில் முடிகிற கணக்கு.

நோய்க்கும் அதே சொல்தான். யோனிப்புற்று, கன்னப்புற்று என்றெல்லாம் சித்த மருத்துவத்தில் வழங்குகிற பெயர்களை வகுப்பில் சொல்லும்போது, கறையான் உள்ளே இருந்துகொண்டு மண்ணை மேலே தள்ளுகிற காட்சியோடு சேர்த்துத்தான் சொல்லுவேன். சொல்லை உண்டாக்கியவர்கள் உடம்பை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் நோயைப் புற்று என்று சொல்வதில்லை. ‘கேன்சர்’ என்பார்கள், அல்லது ‘கட்டி’. சாமியின் பெயரை அதற்கு வைக்க நாக்கு வருவதில்லை போலிருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு விதை போட்டவர் ஒரு தறிக்கூடத்தில் தார் சுற்றும் பெண். ஐம்பதைத் தாண்டியவர். சென்னைக்குப் போகும் பொதிகை ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மார்பில் கட்டி, அறுவை முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். “எனக்கு டிக்கெட் ஃப்ரீ டீச்சரம்மா. கூட வாற ஆளுக்குத்தான் காசு. ஆனா கூட வர ஆளு வேணும்லா?” என்று சிரித்தார். மகன் வந்தால் அவனுக்கு ஒரு வாரக் கூலி போகும். மருமகள் வந்தால் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. தனியாகத்தான் போய்வருகிறார். “தாலிய எப்பக்கா வச்சீங்க?” என்று கேட்டேன். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. “அது மூணாவது ஊசிக்கே போயிட்டு. கம்மல் ரெண்டாவதுக்கு.”

ஊசியை நகையால் எண்ணுகிற அந்தக் கணக்கு எங்கே தொடங்கியது என்று தேட ஆரம்பித்தேன். தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் கதையைப் பெண்களையும் பணத்தையும் விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. சொல்லப்படும்போது பெரும்பாலும் இரண்டுமே விடுபடுகின்றன.

1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயால் இறந்தார். முத்துலட்சுமி அப்போது மருத்துவர், 1912இலேயே பட்டம் பெற்றவர். வீட்டுக்குள்ளேயே மருத்துவர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போன சாவு அது. 1925இல் மேற்படிப்புக்கு லண்டன் போனார். திரும்பி வந்தபின் சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று வாழ்க்கை வேறு திசைகளில் ஓடினாலும் தங்கையின் சாவு அவரை விடவில்லை. சென்னையில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று 1930களிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அரசுத் தரப்பில் யாரும் அக்கறை காட்டவில்லை. குணமாகாத நோய்க்கு எதற்கு மருத்துவமனை என்பதே அன்றைய பொதுக் கருத்து. வந்தவர்கள் சாகத்தானே போகிறார்கள், அதற்குப் பொதுப் பணத்தைக் கொட்டுவானேன் என்ற நியாயம். மருத்துவப் பேச்சாகத் தோன்றினாலும் அது நிதித்துறையின் பேச்சு.

அரசு தராத பணத்தைப் பெண்கள் திரட்டினார்கள். 1917இல் அடையாறில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா போன்றவர்கள் தொடங்கி, அன்னி பெசன்ட் தலைமையேற்ற இந்திய மாதர் சங்கம் வாக்குரிமைக்கும் திருமண வயதுக்கும் போராடிய சங்கம். அந்தச் சங்கத்தின் பெயரில்தான் புற்றுநோய் நிவாரண நிதி உருவானது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை நடத்தினார்கள். சாந்தா அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்தும் அதை விட்டுவிட்டு வந்தவர். முதல் சில ஆண்டுகள் சம்பளமில்லை, பிறகு மாதம் 200 ரூபாய். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அடைப்புக்குறிக்குள் மாதர் சங்கத்தின் முதலெழுத்துகள் நிற்கின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்று என் மாணவிகளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரிந்ததில்லை.

முத்துலட்சுமியைப் பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு. தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியில், அந்தப் பெண்களின் சொத்தும் கலையும் வாழ்க்கைமுறையும் என்னவாகும் என்பதை அவர் போதுமான அளவு அவர்களிடமே கேட்கவில்லை என்கிற வாதத்தை நானும் ஏற்கிறேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கண்டது சரி. நோயாளியால் கொடுக்க முடியுமா என்று முதலில் கேட்கிற மருத்துவமனைக்குப் பெண்கள் வரவே மாட்டார்கள். பணமில்லாதவர்களுக்கும் சிகிச்சை என்பதை அந்த மருத்துவமனை தொடக்கத்திலேயே விதியாக வைத்துக்கொண்டது.

தெற்கே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வெற்றிலை புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று குவிந்து கிடப்பதைப் பார்த்த டாக்டர் ஐ. எம். ஓர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். எவரெஸ்ட் ஏறப் போய் நெய்யூரில் தங்கிவிட்ட டாக்டர் சாமர்வெல் அங்கே அறுவை செய்துகொண்டிருந்த காலம். வயலிலும் தோப்பிலும் பசியை மறக்க வெற்றிலைச் சுருளை வாயில் அதக்கிக்கொண்டு வேலை செய்தவர்களின் நோய் அது. பசிக்கு மருந்தாக வாயில் வைத்தது நோயாகி நின்றது. இன்றும் எங்கள் பக்கத்தில் வயலுக்குப் போகும் ஆச்சிகளின் மடியில் சுருக்குப்பை இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே ஆலங்குளம், கடையம் பக்கம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றுகிறார்கள். 1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. பீடிக்கு விதித்த சிறு தீர்வையிலிருந்து மருத்துவமனைகள் நடந்தன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான செலவைத் திருப்பித் தரும் ஏற்பாடும் அதில் இருந்தது. தொழிலே தன் தொழிலாளியின் நோய்க்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை. ஆனால் அதற்கு அடையாள அட்டை வேண்டும். ஒரு வீட்டில் மூன்று பெண்கள் சுற்றுவார்கள், ஒரு பெயரில்தான் இலை வாங்குவார்கள். மற்ற இருவரும் கணக்கில் இல்லாத விரல்கள். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வையும் போய்விட்டது. நலத்திட்டங்களுக்கு இனி பட்ஜெட்டிலிருந்து பணம் வரும் என்றார்கள். உரிமையாக இருந்தது ஒதுக்கீடாக மாறியது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பெண்ணியப் பத்திரிகைகளில்கூட நாம் போதிய அளவு எழுதவில்லை.

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நுண்ணோக்கியும் ஆய்வகமும் தேவைப்படாத சோதனை. பயிற்சி பெற்ற செவிலியர் வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கக் கரைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்ப்பார். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டால் அன்றைக்கே குளிர்வைத்து அந்த இடத்தை அழித்துவிடலாம். 30 முதல் 59 வயதுவரையான பெண்கள். 49,311 பேர் சோதனைப் பிரிவில், 30,958 பேர் ஒப்பீட்டுப் பிரிவில். 2007இல் லான்செட்டில் முடிவு வந்தது. சோதனைப் பிரிவில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஆய்வை முன்னின்று நடத்தியவர் பெயர் ரெங்கசாமி சங்கரநாராயணன். எங்கள் ஊர்ச் சாமி பெயர் என்பதால் இந்த வரியை எழுதும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

சந்தோஷத்தோடு ஒரு முள்ளும் இருக்கிறது. ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களுக்கு அந்தச் சோதனை செய்யப்படவில்லை. வழக்கமாகக் கிடைக்கிற கவனிப்பே அவர்களுக்கும் கிடைத்தது என்றார்கள். கிராமத்து ஏழைப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைக்கிற கவனிப்பு என்றால் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். இந்தியாவில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளின் அறம் பற்றிப் பிற்பாடு பெரிய சர்ச்சை எழுந்தது. இந்தச் சோதனை பலன் தரும் என்பதற்குச் சான்று வேண்டியிருந்தது, உண்மை. சான்றுக்காகக் காத்திருந்த உடல்கள் யாருடையவை என்பதும் உண்மை. நான் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒன்றைக் கீழே போட முடியவில்லை. பிறகு தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் கர்ப்பப்பை வாய்ச் சோதனையை முன்னோட்டமாக நடத்தி மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று அந்தச் சோதனைக்குக் காசில்லை. காசில்லாத சோதனைக்கும் அரைநாள் கூலி போகும். தார் சுற்றுகிற பெண்ணுக்குச் சுற்றினால்தான் காசு. அதனால்தான் பலர் இரத்தம் பட்டபிறகு வருகிறார்கள். அப்போது சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடியது லட்சத்துக்குப் போயிருக்கும்.

மருந்து விலையின் வரலாற்றிலும் சென்னைக்கு இடமுண்டு. இரத்தப் புற்றுக்கான கிளிவெக் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். சட்டத்தின் அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. கம்பெனி மருந்து மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல், உள்நாட்டு மருந்து சில ஆயிரம். 2012 மார்ச்சில் இன்னொரு மருந்துக்குக் கட்டாய உரிமம் தரப்பட்டபோது மாதம் 2,80,000 ரூபாய் 8,800 ஆனது. நடுவில் இருக்கிற இரண்டே முக்கால் லட்சம் எதற்கான விலை என்று நோயாளிகளுக்கு யாரும் விளக்கியதில்லை.

மார்பகப் புற்றில் ஐந்தில் ஒன்று என்கிற அளவில் ஒரு வகை உண்டு. அதற்கு டிராஸ்டுசுமாப் வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஓராண்டு. இந்த ஊசியின் விலையை எதிர்த்து நடந்த இயக்கத்தைப் பெண்ணிய வரலாற்றில் நாம் எழுதிவைக்க வேண்டும். பெண்ணியச் செயற்பாட்டாளர் கல்யாணி மேனன் சென் ஒருங்கிணைத்த அந்த இயக்கம் 2012 நவம்பரில் பிரதமருக்குத் திறந்த மடல் எழுதியது. நோயிலிருந்து மீண்ட பெண்களும் பெண்கள் அமைப்புகளும் மருந்துரிமைக்காரர்களும் சேர்ந்து நின்றார்கள். 2013 ஆகஸ்டில் ரோச் கம்பெனி இந்தியக் காப்புரிமையைத் தொடரப்போவதில்லை என்று விட்டது. 2014 தொடக்கத்தில் பயோகானின் மருந்து சந்தைக்கு வந்தது. 440 மில்லிகிராம் 57,500 ரூபாய். வெற்றிதான். ஆனால் அன்றைக்கு ஊசி சுற்றித் தருகிற கூலியில் வாழ்கிறவளுக்கு 75,000க்கும் 57,500க்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே ஆகாயத்தில் இருந்தன. பிறகு போட்டி வந்து விலை இன்னும் இறங்கியது. 2019இல் தேசிய மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டியது. அதுவரை அந்த லாபம் எந்த அளவில் இருந்தது என்பதை, சில மருந்துகளின் விலை ஒரே உத்தரவில் பாதிக்கும் கீழே விழுந்ததிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

காப்பீட்டுக்கு வருகிறேன். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பிறகு ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். இந்தத் திட்டங்களை எளிதாகப் பழிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவை இல்லாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அறுவையே வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்த பெண்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். ஆனால் திட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் பெண்ணின் கழுத்து காலியாகிறது.

நோய் இன்னதென்று தெரிந்தபிறகுதான் திட்டம் வரும். அதைத் தெரிந்துகொள்ள எடுக்கிற ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் பெரும்பாலும் கைக்காசு. முதல் நகை அங்கே போகிறது. அடுத்து வருமானச் சான்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரே ஆள் நாளைக்கு 400 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் வேலை செய்தால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் தறிக்குப் போகிற வீடு காகிதத்தில் பணக்கார வீடு. சான்று எப்படியோ வாங்கிவிடுகிறார்கள், எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. ஏழை என்று நிரூபிக்க ஒரு பொய் தேவைப்படுவது அவர்கள் செய்த குற்றமல்ல.

பிறகு போக்குவரத்து. கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்போது கதிர்வீச்சு உண்டு என்பது பெரிய ஆறுதல், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் 2021 மே மாதம் வந்த பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. சங்கரன்கோவிலிலிருந்து நெல்லைக்குப் போகிற வண்டி அந்தக் கணக்கில் இல்லை. தினமும் இரண்டு டிக்கெட், போக வர. நெல்லையிலேயே அறை எடுத்தால் வாடகை, சாப்பாடு. இவை எதுவும் எந்த மருத்துவமனை ரசீதிலும் வராது. 2017–18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, புற்றுநோய்க்கு ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் சுமார் 22,500 ரூபாய், தனியாரில் 93,000 ரூபாய்க்கு மேல் என்கிறது. இலவசம் என்கிற இடத்திலேயே இருபத்திரண்டாயிரம். அதுவும் ஒருமுறைக்கு.

இந்தப் பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது? நிலம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. 1989இலிருந்தே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் இருக்கிறது. எங்கள் பக்கம் அந்தப் பங்கை விடுதலைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நகையாக வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஆக, பெண்ணின் மொத்தச் சொத்து அவள் உடம்பில் கிடக்கிறது. புருஷனுக்கு நெஞ்சுவலி என்றாலும் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் என்றாலும் முதலில் கழற்றப்படுவது அதுவே. அவளுக்கே நோய் வரும்போது மிச்சமிருப்பதுதான் அவளுக்கு. ஆணுக்கு நோய் வந்தால் மனைவி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரிக்கிறாள். அவளுக்கு வந்தால் தனியாக ரயில் ஏறுகிறாள். விதிவிலக்கான ஆண்களை நானும் அறிவேன். கொண்டாடப்படும் அளவுக்கு அவர்கள் குறைவு.

ரயில் தென்காசியிலிருந்து கிளம்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அந்த அக்கா பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். காப்பீட்டு அட்டை, மருத்துவமனைக் கோப்பு, ரயில் சலுகைக் கடிதம், காகிதத்தில் மடித்த புற்றுமண், அதன் அடியில் நாலைந்து அடகுச் சீட்டுகள். எல்லாம் ஒரே கவரில். சீட்டில் ஒன்றையும் மருத்துவமனைத் தாள் ஒன்றையும் உருவி என்னிடம் நீட்டினார்.

“ரெண்டுலயும் தேதி போட்டிருக்காம் டீச்சரம்மா. இது அடுத்த ஊசி, இது ஏலத்துக்குப் போற நாளு. எது முன்னாடி வருதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

மேடை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். ஏலம் நான்கு நாள் முந்தி வந்தது.